உயிரணுவுக்குள் ஏற்றிய விளக்கு

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைச் சிறிதளவு சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளிய விடுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, இருட்டறையில், கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். குப்பியை மட்டும் பாருங்கள். மஞ்சள் நீர் பச்சை கலந்த ஒளியைத் தானே வீசுவது போலத் தோன்றும். விளக்கை அணைத்த கணமே அவ்வொளியும் மறைந்துவிடும்.

இச்சோதனையை நான் ஆண்டுதோறும் என் வகுப்பில் செய்து காட்டுவது வழக்கம். ஒருமுறை இதைக் காட்டிவிட்டு, "இவ்வாறு ஒளிரும் நுண்ணிய துகள்களை இன்று உயிருள்ள செல்களுக்குள் அனுப்பி, அங்குள்ள அமினோ அமிலங்களை அறிகிறார்கள்" என்று பெருமையுடன் கூறினேன். பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஒளி கூடினால் அமினோ அமிலம் கூடியது என்று எப்படிச் சார் சொல்வது? வேறு எதனாலாவது கூடியிருக்கலாமே?" என்று கேட்டாள். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்விக்கு உரிய விடை, ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றில் சிதறிக் கிடக்கிறது. அதை உங்களுடன் சேர்ந்து தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கல்லில் கிடைத்த அமிலம்

புரதம் என்னும் மாளிகைக்கு அமினோ அமிலங்களே செங்கற்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அச்செங்கற்களுள் முதலாவது 1806ஆம் ஆண்டில் பிரான்சில் கிடைத்தது. வோக்லென், ரோபிகே என்ற இருவர் அஸ்பராகஸ் என்ற செடியின் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். செடியின் பெயரை ஒட்டி அதற்கு அஸ்பராஜின் என்று பெயர் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1810இல், இங்கிலாந்தின் உல்லாஸ்டன் மனிதரின் சிறுநீர்ப்பையில் உண்டான ஒரு கல்லை ஆராய்ந்தார். அதில் இருந்த பொருளே பின்னர் சிஸ்டைன் எனப் பெயர் பெற்றது. சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

சிஸ்டைன் என்பது இரட்டைப் பிள்ளை. இரண்டு சிஸ்டீன் மூலக்கூறுகள் தத்தம் கந்தக அணுக்களால் கைகோத்து நிற்பதே சிஸ்டைன். பெயர்கள் ஒன்று போல ஒலித்தாலும் பொருள்கள் வேறு. இவ்வேறுபாட்டை மறவாமல் வைத்துக் கொள்ளுங்கள், கட்டுரையின் இறுதியில் இது தேவைப்படும்.

நம் புரதங்களில் பொதுவாகக் காணப்படும் இருபது அமினோ அமிலங்களுள் கடைசியாக அறியப்பட்டது திரியோனைன். அமெரிக்காவின் வில்லியம் ரோஸ் அதை 1935இல் அடையாளம் கண்டார். ஆக, பட்டியல் நிறைவுறவே 129 ஆண்டுகள் ஆயின.

கொன்று அளந்த காலம்

அமினோ அமிலம் நிறமற்றது. அதைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் வழியை 1910இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரூமன் கண்டார். அவர் உண்டாக்கிய நின்ஹைட்ரின் என்ற பொருள், அமினோ அமிலத்துடன் சேர்ந்தால் கருநீலம் கலந்த ஊதா நிறம் தருகிறது. வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. ஆகவே காகிதத்தில் பதிந்த கைரேகையையும் இது காட்டிக்கொடுக்கும் என்பதை 1954இல் சுவீடன் நாட்டவர் இருவர் எடுத்துக் காட்டினர். குற்றப் புலனாய்வுத் துறைக்கு அது பெரிய உதவியாயிற்று.

1944இல் மார்ட்டினும் அவருடைய தோழர்களும் வடிதாளில் அமினோ அமிலங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினர். நின்ஹைட்ரின் தெளித்ததும் ஒவ்வொரு புள்ளியும் நிறம் பெற்றது. பங்கீட்டு வண்ணப்பகுப்பு முறையைக் கண்டமைக்காக மார்ட்டினும் சிங்கும் 1952இல் நோபல் பரிசு பெற்றனர். 1958இல் ராக்கபெல்லர் நிறுவனத்தின் ஸ்டெயின், மூர் ஆகியோர் ஸ்பேக்மனுடன் சேர்ந்து இவ்வேலையைத் தானே செய்யும் கருவியை அமைத்தனர். 1972இல் வந்த புளோரெஸ்கமைன் என்ற வினைப்பொருளோ, அமினோ அமிலத்துடன் சேர்ந்து நிறம் தராமல் ஒளியையே தந்தது. அதனால் பிக்கோமோல் அளவுக்கு, அதாவது ஒரு மோலில் லட்சங்கோடியில் ஒரு பங்குக்கு, அளக்க முடிந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து மைக்ரான் விட்டமுள்ள ஓர் உயிரணுவை உருண்டை எனக் கொண்டால், அதன் கொள்ளளவு சுமார் 520 கன மைக்ரான். அதில் சிஸ்டீன் ஒரு லிட்டருக்கு 100 மைக்ரோமோல் என்ற வீதத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவ்வாறாயின் அவ்வுயிரணுவில் ஏறத்தாழ மூன்று கோடி சிஸ்டீன் மூலக்கூறுகள் இருக்கும். மூன்று கோடி என்றதும் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரு பிக்கோமோல் சேர இத்தகைய உயிரணுக்கள் சுமார் 20,000 வேண்டும்!

ஆக, அக்காலத்து முறை எத்துணை நுட்பமானதாயினும், ஆயிரக்கணக்கான உயிரணுக்களை நொறுக்கிச் சாறெடுத்தே அளக்க முடிந்தது. கிடைப்பது சராசரி மட்டுமே. ஒரு தனி உயிரணுவில் எவ்வளவு இருந்தது, அதன் எந்த மூலையில் இருந்தது, மருந்து கொடுத்த பத்தாவது நிமிடத்தில் கூடிற்றா குறைந்ததா என்பவற்றை அது கூறாது. ஊர் முழுவதன் நெல்லையும் ஒரே களத்தில் கொட்டிவிட்டு, எந்த வீட்டில் பட்டினி என்று கேட்பது போன்றது அது.

நுண்ணோக்கி வழியே நேராகப் பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். 1873இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே அதற்கொரு வரம்பு கட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காண இயலாது. அமினோ அமில மூலக்கூறோ ஒரு நானோமீட்டர் கூட இல்லாதது. ஆகவே உள்ளே சென்று, அமிலத்தைச் சந்தித்து, அச்செய்தியை ஒளியால் நமக்கு அறிவிக்கும் ஒரு தூதன் தேவையாயிற்று.

தூதனின் பிறப்பு

தூதனின் கதை மஞ்சள் தூளை ஒத்த ஒரு பொருளிலிருந்துதான் தொடங்குகிறது. 1845இல் ஜான் ஹெர்ஷல், கொயினா மருந்தின் கரைசலில் வெயில் படும் மேற்பரப்பில் மட்டும் ஓர் அழகிய நீல ஒளி தோன்றுவதைக் கண்டு எழுதினார். மலேரியாவுக்கான இம்மருந்தைத் தரும் சிங்கோனா மரங்கள் 1860களில் நம் நீலகிரி மலையிலும் அரசாங்கத்தால் பயிரிடப்பட்டன என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நீல ஒளியின் மர்மத்தை 1852இல் கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ் விடுவித்தார். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரைக் கொயினா உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று அவர் காட்டினார். இந்நிகழ்ச்சியையே நாம் ஒளிர்தல் என்கிறோம். வாங்கும் ஒளியைவிடக் கொடுக்கும் ஒளிக்கு அலைநீளம் அதிகம் என்பது ஸ்டோக்ஸ் விதி. இதன் காரணத்தை 1905இல் ஐன்ஸ்டைன் தம் ஒளித்துகள் கொள்கையால் விளக்கினார். பெரிய நோட்டாக வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகச் செலவாகிவிடுகிறது. மீதிச் சில்லறையே ஒளியாக வெளிவருகிறது.

உயிருள்ள உயிரணுவுக்குள் தூதனை அனுப்பும் கலையை வளர்த்தவர் அமெரிக்காவின் ரோஜர் சியென். அவர் தேடியது அமினோ அமிலத்தை அன்று, கால்சியத்தை. 1985இல் அவர் குழுவினர் வெளியிட்ட பியூரா-2 என்ற சாயத்தில் ஓர் அருமையான தந்திரம் அடங்கியிருந்தது. அச்சாயத்தை 340, 380 நானோமீட்டர் ஆகிய இரு அலைநீளங்களால் மாறி மாறித் தூண்டி, எழும் ஒளிகளின் விகிதத்தை அவர்கள் கணித்தனர். ஏன் விகிதம்? ஓர் உயிரணுவில் சாயம் அதிகமாகப் புகுந்திருந்தால், கால்சியம் கூடாமலே ஒளி கூடும். இரு ஒளிகளும் சேர்ந்தே கூடுவதால், விகிதம் எடுத்தால் இப்பிழை நீங்கிவிடுகிறது. என் மாணவியின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்தது எனலாம்.

பெட்டிக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்

சாயங்களுக்கு ஒரு குறை உண்டு. தொடர்ந்து ஒளி பட்டால் அவை விரைவில் வெளிறிவிடும். இவ்விடத்தில்தான் நம் இயற்பியல் உதவிக்கு வருகிறது.

1981இல் லெனின்கிராடில் அலெக்சேய் எகிமோவ், செப்புக் குளோரைடின் நுண்படிகங்கள் அடங்கிய கண்ணாடியை ஆராய்ந்தார். படிகம் சிறுக்கச் சிறுக்க அது உறிஞ்சும் ஒளி நீல நிறத்தின் பக்கம் நகர்ந்தது. 1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லூயி புரூஸ், கரைசலில் மிதக்கும் காட்மியம் சல்பைடு துகள்களில் இதே விளைவைக் கண்டார். பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறுகிறது!

பி.எஸ்சி. வகுப்பில் 'பெட்டியில் அடைபட்ட துகள்' என்ற கணக்கைப் போட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. பெட்டியின் நீளத்தைப் பாதியாக்கினால் எலெக்ட்ரானின் அடைப்பு ஆற்றல் நான்கு மடங்காகிறது. சில நானோமீட்டர் அளவுள்ள படிகம் எலெக்ட்ரானுக்கு அத்தகைய பெட்டி. காட்மியம் செலினைடில் சுமார் இரண்டு நானோமீட்டர்த் துகள் நீலமாகவும் ஆறு நானோமீட்டர்த் துகள் சிவப்பாகவும் ஒளிர்கின்றன. இவையே குவாண்டம் புள்ளிகள். ஒரே சீரான அளவில் இவற்றைச் செய்யும் முறையை 1993இல் மௌங்கி பாவெண்டியின் குழு கண்டது. எகிமோவ், புரூஸ், பாவெண்டி மூவரும் 2023இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

1998 செப்டம்பரில் இரு அமெரிக்கக் குழுக்கள் ஒரே இதழில் இப்புள்ளிகளை உயிரியலுக்குக் கொண்டு வந்தன. பெர்க்லியில் அலிவிசாடோஸ் குழுவும் இண்டியானாவில் சான், நீ ஆகிய இருவரும் அவற்றை நீரில் கரையச் செய்து உயிரணுக்களில் காட்டினர். 2002இல் தவளைக் கருவுக்குள் செலுத்தப்பட்ட புள்ளிகள், கரு வளர்ந்த போதும் ஒளிர்ந்தன.

ஆயினும் காட்மியம் நஞ்சு. 2004இல் டெர்பஸ், சான், பாட்டியா ஆகியோர் இதைக் கல்லீரல் உயிரணுக்களில் சோதித்தனர். மேலுறையற்ற புள்ளிகளின் பரப்பு காற்றாலும் புற ஊதாக் கதிராலும் சிதைந்தால், காட்மியம் கசிந்து உயிரணுவைக் கொல்கிறது என்று அவர்கள் அறிவித்தனர். உயிரைக் கொல்லாமல் அளக்க வந்த தூதனே கொலைகாரனாகி விட்டால் என்ன பயன்?

எனவே வேறு விளக்குகள் தேடப்பட்டன. அதே 2004இல் தென் கரோலினாவில், மின்வில்லில் உண்டான கரியிலிருந்து கார்பன் நானோ குழாய்களைத் தூய்மை செய்து கொண்டிருந்தவர்கள், எதிர்பாராமல் ஒளிரும் கார்பன் துகள்களைக் கண்டனர். பின்னர் எளிய பொருள்களிலிருந்தும் அவற்றைச் செய்ய முடிந்தது. 2012இல் ஓர் இந்தியக் குழு ஆரஞ்சுப் பழச்சாற்றிலிருந்தே செய்தது. 2009இல் சிங்கப்பூரில் சீ, செங், யிங் ஆகியோர் பசுவின் இரத்தப் புரதத்தை அச்சாகக் கொண்டு, சுமார் 25 தங்க அணுக்கள் சேர்ந்த கொத்தை உருவாக்கினர். நகைக்கடைத் தங்கம் ஒளிர்வதில்லை. இத்தங்கக் கொத்தோ செந்நிறமாக ஒளிர்ந்தது.

அணைந்து எரியும் விளக்கு

வெறுமனே ஒளிரும் துகள் தூதனாகாது. அமினோ அமிலத்தைச் சந்திக்கும் போது அதன் ஒளி மாற வேண்டும். இதற்குப் பலரும் கையாளும் வழி ஒன்றைக் கூறுகிறேன். துகளின் ஒளியைப் பாதரச அயனியால் முதலில் அணைத்து விடுகிறார்கள். சிஸ்டீனின் நுனியில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கை இருக்கிறது. கந்தகத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள பற்று மிகப் பழைய செய்தி. இவ்வகைப் பொருள்களுக்கு வழங்கிய 'மெர்காப்டன்' என்ற பெயரே 'பாதரசத்தைப் பிடிப்பது' என்ற பொருளுடைய இலத்தீன் சொற்களிலிருந்து வந்ததுதான். சிஸ்டீன் வந்து பாதரசத்தைப் பற்றி இழுத்துக் கொள்கிறது. விளக்கு மீண்டும் எரிகிறது.

படிப்பதற்கு அழகான வழி. ஆனால் உயிருள்ள உயிரணுவுக்குள் பாதரசத்தை அனுப்புவது அறிவுடைமையா என்று நீங்களே கேட்பீர்கள். சோதனைக் குழாயில் சிறப்பாக விளங்கும் பல முறைகள் உயிரணுவின் வாசலில் தயங்கி நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

2011இல் சிங்கப்பூரில் டெங், லியூ முதலானோர் வேறொரு வழி கண்டனர். அவர்கள் எடுத்துக் கொண்ட துகள், ஸ்டோக்ஸ் விதியைத் தலைகீழாக்குவது. 1966இல் பிரான்சின் ஓசெல் ஆராய்ந்த இவ்வகைப் பொருள், அகச்சிவப்புக் கதிரின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒளித்துகள்களை ஒன்று சேர்த்து, கண்ணுக்குப் புலனாகும் ஒரே ஒளித்துகளாக வெளியிடுகிறது. சில்லறைகளைச் சேர்த்து நோட்டாக மாற்றும் வித்தை இது! உயிரணு தன் இயல்பில் இதைச் செய்வதில்லை. அதனால் பின்னணி இருளாக இருக்க, துகள் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இத்துகளின் மேல் மாங்கனீசு டை ஆக்சைடு தகட்டைப் போர்த்தினால் ஒளி அடங்கிவிடும். உயிரணுவில் உள்ள குளுட்டாதயோன் அத்தகட்டைக் கரைத்தால் ஒளி மீளும். குளுட்டாதயோன் என்பது குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். உயிருள்ள உயிரணுவிலேயே அதை அவர்கள் கண்டு காட்டினர்.

பின்னணி ஒளியை விலக்க இன்னொரு வழியும் உண்டு. உயிரணுவில் இயல்பாக உள்ள சில பொருள்களும் ஊதா ஒளி பட்டால் ஒளிரும். ஆனால் சில நானோநொடிகளிலேயே அணைந்துவிடும். மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு துகளோ மில்லிநொடிக் கணக்கில் நின்றொளிர்கிறது. பட்டாசு ஓய்ந்த பின்னும் கோயில் மணியின் நாதம் நீடிப்பது போல. சற்றுக் காத்திருந்து அளந்தால் மணியோசை மட்டும் கேட்கும்.

மாணவிக்கு விடை

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒளி கூடியது, கூட்டியது சிஸ்டீன்தானா?

முதல் இடையூறு, உறவினர் கூட்டம். சிஸ்டீன், ஹோமோசிஸ்டீன், குளுட்டாதயோன் மூன்றுக்கும் அதே கந்தகக் கை உண்டு. உயிரணுவில் குளுட்டாதயோன் லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிமோல் வரை இருக்கிறது. சிஸ்டீன் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் முன்பு கணக்கிட்ட உயிரணுவில் சிஸ்டீன் மூன்று கோடி என்றால், குளுட்டாதயோன் 5 மில்லிமோல் வீதத்தில் நூற்றைம்பது கோடி ஆகும். திருவிழாக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் குரலைத் தேடுவது போன்ற வேலை இது.

இரண்டாவது, இடம். உயிரணு இத்துகள்களை விழுங்கித்தான் உள்ளே கொள்கிறது. விழுங்கிய பல துகள்கள் லைசோசோம் என்ற சிறு பையிலேயே சிறைப்பட்டு விடுகின்றன. அப்பையினுள் புளிப்பு அதிகம். புளிப்பு மாறினாலே சில துகள்களின் ஒளி மாறும். மூன்றாவது, தலையீடு. குளுட்டாதயோனால் கரைந்து செய்தி சொல்லும் தகடு, அக்குளுட்டாதயோனையே சிறிது செலவழித்து விடுகிறது. உளவு பார்க்கச் சென்றவன் வீட்டுச் சோற்றை உண்டுவிட்டு, பானையில் எவ்வளவு சோறு என்று அறிவிப்பதை ஒத்தது அது.

ஆகவே நேர்மையான ஆய்வாளர் ஒளிப்படம் ஒன்றோடு நிறுத்துவதில்லை. கந்தகக் கைகளைக் கட்டிப்போடும் வேதிப்பொருளை உயிரணுவுக்குக் கொடுத்து, ஒளி குறைகிறதா என்று பார்க்கிறார். வெளியிலிருந்து சிஸ்டீனைக் கொடுத்து, ஒளி கூடுகிறதா என்று பார்க்கிறார். சியென் காட்டிய வழியில் இரு நிறங்களின் விகிதத்தைக் கணிக்கிறார். துகள் புகுந்த உயிரணு உயிருடன் இருக்கிறதா என்று சோதிக்கிறார். இறுதியில் அதே வகை உயிரணுக்களை நொறுக்கி, வண்ணப்பகுப்பு, நிறைமாலை ஆகிய முறைகளால் அளந்து ஒப்பிடுகிறார். இத்தனைக்கும் ஈடுகொடுத்த ஒளியையே நாம் நம்பலாம். பழைய முறை தோற்று ஒதுங்கிவிடவில்லை. புதிய முறைக்கு அதுவே சாட்சி.

ஒரு நோயும் ஒரு நம்பிக்கையும்

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சிஸ்டினோசிஸ் என்ற அரிய பரம்பரை நோயைப் பாருங்கள். 1903இல் அப்டர்ஹால்டன் விவரித்த நோய் இது. உல்லாஸ்டன் கல்லில் கண்ட அதே சிஸ்டைன், இந்நோயுள்ள குழந்தைகளின் லைசோசோம்களை விட்டு வெளியேற வழியின்றிப் படிகமாகச் சேர்கிறது. வெளியேற்றும் வாயிற்புரதத்தின் மரபணு 1998இல் அறியப்பட்டது. குழந்தையின் சிறுநீரகங்கள் முதலில் கெடுகின்றன. கண்ணிலும் படிகங்கள் படிகின்றன. இரத்த நீரை அளந்தால் இதைப் பிடிக்க முடியாது. குற்றம் இருப்பது உயிரணுவுக்குள்ளே, ஒரு பையினுள்ளே. வெள்ளணுக்களில் சிஸ்டைன் மிகுந்திருப்பது 1967இல் காட்டப்பட்டது. அவ்வெள்ளணுக்களைப் பிரித்து, உடைத்து அளந்தே நோயை உறுதி செய்கின்றனர். 1994இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற சிஸ்டியமைன் என்ற மருந்தின் அளவையும் அதைக் கொண்டே சரிசெய்கின்றனர்.

அமினோ அமிலம் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் ஒரு குழந்தையின் வாழ்வை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒன்று கவனியுங்கள். சிஸ்டைனில் இரு கந்தகக் கைகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. கந்தகக் கையைத் தேடிச் செல்லும் தூதன் அதைக் கண்டும் காணாமல் போய்விடுவான். இந்நோய்க்கு வேண்டிய விளக்கு வேறு வகையில் அமைய வேண்டும். லைசோசோமில் சிறைப்படுவது பிற இடங்களில் துகளுக்குக் குறையாக இருக்கலாம். இங்கே அதுவே செல்ல வேண்டிய இடம். குறையை நிறைவாக்கும் வழி தேடுவோர்க்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

மருத்துவமனைகளில் அமினோ அமிலங்களை இன்றும் வண்ணப்பகுப்பும் நிறைமாலைக் கருவியுமே அளக்கின்றன. ஒளிரும் நுண்துகள்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. இதைச் சொல்வது அம்முயற்சியைக் குறைத்துப் பேசுவதாகாது. ஸ்டோக்ஸ் கொயினாவின் ஒளியை விளக்கியதிலிருந்து சியெனின் சாயம் வரை 133 ஆண்டுகள் கடந்தன.

அம்மாணவி படிப்பை முடித்துக் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டாள். ஆண்டுதோறும் மஞ்சள் நீர் ஒளிரும்போது அவளுடைய கேள்வியையும் சேர்த்தே வகுப்பில் சொல்கிறேன். நீங்களும் இச்சோதனையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். குப்பி ஒளிர்ந்ததும் அவர்கள் கைதட்டுவார்கள். தட்டி முடித்தபின், "இது மஞ்சளால்தான் ஒளிர்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். மஞ்சள் போடாத ஸ்பிரிட்டை இன்னொரு குப்பியில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பிள்ளை சொல்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அறிவியலின் வாசல் திறந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.